அரை நிமிஷ தரிசனம்

சென்னையில் ஒரே பகலில் ஆயிரம் வருஷத்தைச் சுற்றி வந்துவிடலாம். காலையில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம். மதியம் சாப்பிட்டுவிட்டு, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஒருநாள் போய்ப் பாருங்கள். அப்படியே, பார்க்க வந்தவர்களையும் பாருங்கள். நான் பார்த்தேன்.

எழும்பூரில் திருவாலங்காட்டு நடராஜர். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேரனிடம் “சாமி கும்பிட்டுக்கோ” என்றார். பையன், “தூக்கின கால் வலிக்காதா தாத்தா?” என்றான். பதில் இல்லை. அடுத்த சிலைக்குப் போய்விட்டார்கள். மொத்தம் அரை நிமிஷம்.

சோழமண்டலத்தில் கே.சி.எஸ்.பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள். எழுத்து மாதிரி ஏதோ. படிக்கப் போனால் எழுத்தில்லை. ஓர் இளைஞர், “ஒண்ணும் புரியலை மச்சி” என்று நண்பரை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். அதுவும் அரை நிமிஷம்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்தக் கணக்கு இடித்தது. புரிந்த சிலைக்கும் புரியாத ஓவியத்துக்கும் ஒரே நேரம்தானா? அங்கே தெரிந்த சாமி என்பதால் பார்க்கவில்லை. இங்கே தெரியாத சங்கதி என்பதால் பார்க்கவில்லை.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த நடராஜரை நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் புகைப்படங்கள். தாத்தா மடியில் சிவன் கதை கேட்டு வளர்ந்தவரும் இல்லை. ஆனாலும், அந்த உடம்பின் வளைவுகளைக் கண்ணாலேயே தடவித் தடவி 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். காலைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பையன் ரோடின் கட்சி!

பணிக்கரும் அந்நியச் சரக்கு விற்றவரல்ல. நம் வீட்டு பீரோவில் தூங்கும் ஜாதக நோட்டைத்தான் கேன்வாஸில் ஏற்றினார். 1966-ல் அவரும் சக ஓவியர்களும், கைவினைப் பொருட்கள் விற்றுச் சேர்த்த காசில் உருவாக்கிய கிராமம் அது. அவர்களில் ஒருவரான பி.வி.ஜானகிராம், உலோகத் தகட்டை அடித்து வளைத்துச் சிற்பம் செய்தார். கோயிலில் சாமிக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள், சொந்தக்காரர்கள் என்று தெரியும்.

அடுத்த முறை எல்லாவற்றையும் பார்த்து முடிக்க அவசரப்படாதீர்கள். ஏதாவது ஒன்றின் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பெயர்ப் பலகையைக் கடைசியாகப் படிக்கலாம். ‘புரியுதா?’ என்ற கேள்வி அதுவரை காத்திருக்கட்டும்.

கூட வரும் குழந்தை ஏதாவது கேட்டால், தயவுசெய்து “ஷ்ஷ்...” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!