மழலை தட்டும் கணினி

தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களுக்கும் சென்றன. அண்ணனின் கணினியைத் தங்கை தட்டினால் பாடக் கோப்புகள் அழிந்துபோகலாம் அல்லவா?

இதற்குத் தீர்வாக அமெரிக்கர் ஸ்காட் ஹான்சல்மன் 2008-இல் வெளியிட்டதே 'பேபி ஸ்மாஷ்'. எந்த விசையைத் தட்டினாலும் வண்ண உருவமோ எழுத்தோ தோன்றும், ஒலியும் எழும். வெற்றி தோல்வி இல்லை. தவறான விசை என்பதும் இல்லை. இது சிறந்த அமைப்பே.

ஆனால் ஆல்ட், எஃப்4 ஆகிய இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் விளையாட்டு மூடிவிடும். உள்ளங்கையால் அறையும் குழந்தைக்கு இது தற்செயலாகவே நேரலாம். பிறகு கோப்புகளுக்குக் காவல் ஏது? லினக்சில் இயங்கும் 'பாம்பாம்' விளையாட்டிலோ 'குவிட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டினால்தான் வெளியேறலாம். இதுவே மேலான பூட்டு.

நம் குழந்தைகட்குத் தமிழ் எழுத்தும் வேண்டும். 'தமிழ்99' விசைப்பலகையில் ஒரே தட்டில் 'அ' வரும், 'க'வும் வரும். ஒரு விசைக்கு ஓர் ஒலி என்னும் விளையாட்டுக்கு இது மிகப் பொருத்தம். நம் இளம் நிரலாளர்கள் முயலலாம்.

எனினும், இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் திரை வேண்டாம். அதற்கும் இளைய குழந்தைக்கு அறவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு அறிவுரை. எத்துணை நல்ல விளையாட்டும் இதற்கு விலக்கன்று.