எலியூசிஸ் தாழியின் அண்டாமுகிகள்

மெதூசாவைக் கொன்ற பெர்சியஸ் என்றாலே, வெட்டிய தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் வீரன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். கிரேக்கத்தின் எலியூசிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள மண்தாழியில் அப்படி எதுவும் இல்லை. தலை போன மெதூசாவின் உடல் ஒரு பக்கமாகக் கிடக்கிறது. வீரனோ ஓடிக்கொண்டிருக்கிறான். தாழி உடைந்ததில் அவன் உடலின் பெரும்பகுதி போய்விட்டது, மிஞ்சியவை கால்கள்தான். ஓடுகிறவனுக்கு அவை போதும்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுவில், ஏதென்ஸ் வட்டாரத்தில் வனைந்த தாழி இது. உயரம் ஏறத்தாழ 1.4 மீட்டர். 1954இல் அகழ்ந்தெடுத்தபோது, உள்ளே ஒரு சிறுபிள்ளையின் எலும்புகள் இருந்தன. தீட்டியவரின் பெயர் தெரியாது. கழுத்துப் பகுதியில் உள்ள ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸை வைத்து, அறிஞர்கள் அவரைப் பாலிஃபீமஸ் ஓவியர் என்கிறார்கள்.

அந்தக் கழுத்துக் காட்சியில் ஒரு குறும்பு உண்டு. ஹோமரின் கதைப்படி, அரக்கன் குடித்து மயங்கித் தூங்கும்போதுதான் ஒடிசியஸும் தோழர்களும் கழுமரத்தைக் காய்ச்சிக் கண்ணில் செருகுகிறார்கள். இங்கே அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். மதுக்கிண்ணம் இன்னும் கையில் இருக்கும்போதே கழு கண்ணில் இறங்குகிறது. குடித்ததும் குருடானதும் ஒரே படத்தில்! தரையில் உட்கார்ந்தே நிற்பவர்களின் உயரத்தை எட்டிவிடுகிறான். அவன் எத்தனை பெரியவன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆட்களில் முன்னால் இருப்பவனுக்கு மட்டும் ஓவியர் வெள்ளை பூசியிருக்கிறார். அவன்தான் ஒடிசியஸ்.

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது தாழியின் வயிற்றுப் பகுதிதான். மெதூசாவின் சகோதரிகள் ஸ்தெனோவும் யூரியலேயும் கொலைகாரனைத் துரத்துகிறார்கள். குறுக்கே அதீனா தேவி நின்று தடுக்கிறாள். கோர்கன்கள் எனப்படும் இந்தச் சகோதரிகளின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று இலக்கணம் எழுதப்படாத காலம் அது. ஓவியர் என்ன செய்தார்? கோயில்களுக்குக் காணிக்கையாக வந்த வெண்கல அண்டாக்களைப் பார்த்திருக்க வேண்டும். அவற்றின் விளிம்பில் விலங்குத் தலைகள் துருத்திக்கொண்டிருக்கும். அதே அண்டாவைத் தூக்கிப் பெண்ணுடலின் மேல் வைத்து, சுற்றிலும் பாம்புகளை முளைக்கவிட்டு, கண்ணும் பல்லும் எழுதிவிட்டார். மற்றவர்கள் எல்லாம் பக்கவாட்டில் பார்க்க, இந்த இருவரின் முகங்கள் மட்டும் நேரே நம்மைப் பார்க்கின்றன. பார்த்தவரைக் கல்லாக்கும் குலத்துக்கு வேறெப்படி முகம் எழுதுவது?

தாழியின் பின்புறத்தில் கதையே இல்லை, வெறும் அலங்காரம். ஒரு பக்கமாக நின்று பார்ப்பதற்கென்றே செய்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் கோர்கன் முகம் ஒரே அச்சில் நிலைத்துவிட்டது. கோர்ஃபூ தீவின் ஆர்த்தெமிஸ் கோயில் முகப்பில் இருந்த மெதூசாவைப் பாருங்கள்: அகன்ற முகம், தொங்கும் நாக்கு, இடுப்பில் முடிந்த பாம்புகள். சிற்பத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும், அடுத்து எதை எங்கே ஒட்டுவாரோ என்று பதற வைக்கும் இந்தப் பெயரற்றவரின் அண்டாமுகிகளுக்குத்தான் என் ஓட்டு.