பேர் வைத்தவன் யார்?

"அவனுங்க அப்படித்தான், பீடியும் சாராயமும் இல்லாம இருக்க மாட்டானுங்க." எங்கள் சேரியைப் பற்றி ஊர்த்தெரு சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் பொது சுகாதார ஆய்வுகளில் 'பழக்கம்', 'நடத்தை' என்ற சொற்களைப் பார்த்தாலே சந்தேகம் வரும். பிடிக்கிறவனைப் பற்றிப் பத்துப் பக்கம் இருக்கும். விற்கிறவனைப் பற்றி எத்தனை வரி?

அந்த வரிகளைக் கம்பெனிகளே எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 46 மாநிலங்கள் 1998இல் சிகரெட் கம்பெனிகளோடு செய்த உடன்படிக்கையால் அவர்களின் உள்காகிதங்கள் பெருமளவில் பொதுவுக்கு வந்தன. ஆர்.ஜே.ரெனால்ட்ஸ் கம்பெனி 1990களின் நடுவில் போட்ட திட்டம் ஒன்று அவற்றில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் வாழும் காஸ்ட்ரோ வட்டாரத்திலும், வீடற்றவர்கள் மிகுந்த டெண்டர்லாயினிலும் சிகரெட் விற்பது எப்படி என்பதுதான் விஷயம். திட்டத்தின் பேர் 'ஸ்கம்'. எழுத்துச் சுருக்கம்தான், ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கழிசடை என்று பொருள். காசையும் வாங்கிக்குவான், கழிசடைன்னும் சொல்லுவான். நமக்கு இது புதுசா?

வசைதான் வேண்டும் என்றில்லை, மரியாதையும் தூண்டில்தான். அதே கம்பெனி கறுப்பர்களைக் குறிவைத்து 'அப்டவுன்' என்ற மெந்தால் சிகரெட்டை 1990இல் பிலடெல்பியாவில் இறக்கப் பார்த்தது. மேட்டுக்குடி மணக்கும் பேர். கறுப்பின மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். சுகாதார அமைச்சர் லூயிஸ் சல்லிவன், அவரும் கறுப்பர், பகிரங்கமாகக் கண்டித்தார். ஜனவரியிலேயே கம்பெனி கைவிட்டது. கறுப்பர்களின் தேர்வுரிமை போச்சே என்று புலம்பவும் செய்தது.

எது தேர்வு? மெந்தால் தொண்டையைக் குளிரவைத்துப் புகையின் காரலை மறைக்கும். இழுப்பது சுலபம், விடுவது கஷ்டம். 1950களில் புகைக்கும் கறுப்பர்களில் பத்தில் ஒருவர்கூடத் தொடாத மெந்தாலை இன்று பத்தில் எட்டுப் பேர் பிடிக்கிறார்கள். நடுவில் பல பத்தாண்டு விளம்பரம். இதை 'நடத்தை' என்று எழுதினால் கம்பெனி அந்த வாக்கியத்திலிருந்து தப்பிவிடுகிறது. சட்டத்திலிருந்தும் தப்பியது: 2009இல் மற்ற வாசனைச் சிகரெட்டுகளைத் தடுத்த அமெரிக்கச் சட்டம் மெந்தாலை விட்டுவிட்டது. 2022இல் முன்மொழிந்த தடையும் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

தோழர்களே, கம்பெனிக் காகிதத்தையும் ஆய்வையும் நாம் இலக்கியத்தை வாசிப்பது போலவே வாசிக்கணும். யார் பேசுறான், யாருக்குப் பேர் வைக்கிறான், யாரைப் பேச விடலை? பிலடெல்பியாக்காரங்க பேசுனாங்க. அந்தச் சிகரெட் கடைக்கே வரலை.