உயரத்திலிருந்து தெரியாதவர்கள்

1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் போர்த் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கியது. ஹந்தானை மலையருகே அன்று யுத்தம் வரைபடமாக விரிந்தது. இன்று அம்மலையடிவாரத்து மாணவர் விடுதிகளில் கணினித் திரையில் விரிகிறது.

2001இல் ருஷ்யாவில் உருவான 'இல்-2 ஸ்டர்மோவிக்' என்னும் வான்போர் விளையாட்டையும் அதன் பின்வந்த பதிப்புகளையும் நாம் அலட்சியமாக ஒதுக்குவதற்கில்லை. அவற்றில் ஒரு யதார்த்தம் உண்டு. ஜப்பானிய ஸீரோவுடன் ஹரிக்கேன் வளைந்து வளைந்து பொருதினால் தோற்கும். உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, விலகிவிடுவதே தந்திரம். விமானம் திடீரென நிலைகுலைகிறதா? விசைப்பிடியைப் பழிக்காதே, அளவுமீறி இழுத்தது உன் கை. பிடியைத் தளர்த்து, மூக்கைத் தாழ்த்து, வேகம் திரும்பும். கோளாறின் காரணத்தைத் தேடப் பழக்கும் இப்பண்பு போற்றத்தக்கதே.

ஆனால் குண்டு விழுமிடத்தில் அத்தேடல் நின்றுவிடுகிறது. கீழே கட்டிடங்கள் உண்டு. குடியிருக்கும் மக்கள் இல்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய விமானங்களின் குண்டுகள் அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் விழுந்தன. 1995 ஜூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது அரச விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இயந்திரம் சூடேறுவதைக் கணக்கிடத் தெரிந்த கலைக்கு இம்மனிதரைக் காணத் தெரியவில்லையெனில், முதலில் திருத்தவேண்டிய கோளாறு அதுவே என்போம்.

மாணவத் தோழர்களே, விளையாடுங்கள். பின்னர் ஹந்தானைத் தோட்டத்து லயன்களைச் சென்று பாருங்கள். மேலிருந்து அவை வெறும் கோடுகள். அருகே சென்றால் குடும்பங்கள்.