பாட்டோடு பாடகியையும் எடைபோட்ட சந்தை

இசை வகைகளுக்குப் பெரும்பாலும் ஓசையை வைத்துத்தான் பெயர் அமைகிறது. ப்ளூஸ், ஜாஸ், ரெகே என்று எதுவானாலும் நாலு நிமிடம் கேட்டால் பழகிய காது இன்னதென்று சொல்லிவிடும். அமெரிக்காவில் 'சமகாலக் கிறிஸ்தவ இசை' என்றும் சுருக்கமாக 'சி.சி.எம்.' என்றும் அழைக்கப்படும் வகையை அப்படிக் காதால் அடையாளம் காண முடியாது. அந்தந்தப் பத்தாண்டில் வானொலியில் என்ன ஓடியதோ அதே கிதார், அதே டிரம்ஸ், அதே சிந்தசைசர்தான் இதிலும். வித்தியாசம் வரிகளில் இருக்கிறது. அதைவிட அதிகமாக, பாடுகிறவரின் வாழ்க்கையில் இருக்கிறது. இந்தத் துறையில் ஒருவர் எப்படிப் பாடினார் என்பதோடு எப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே விற்றார்கள். பிடிக்காதபோது இரண்டையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். பாடகி ஏமி கிரான்ட்டின் நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான பாட்டு வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் இந்தத் துறையின் கதை முழுவதும் கிடைத்துவிடும்.

தொடக்கம் கலிஃபோர்னியாவில். 1960களின் கடைசியில் ஹிப்பிகளில் ஒரு பகுதியினர் இயேசுவிடம் திரும்பினார்கள். முடியையோ கிதாரையோ விட்டுவிட்டு வரவில்லை. லாரி நார்மன் 1969இல் கேப்பிடல் நிறுவனத்துக்காக 'அப்பான் திஸ் ராக்' என்ற தொகுப்பைப் பதிவு செய்தார். கோஸ்டா மேசாவில் போதகர் சக் ஸ்மித்தின் கால்வரி சேப்பல் சபை இந்த இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தது; அங்கிருந்தே 1971இல் மரநாதா மியூசிக் கிளம்பியது. 1972 ஜூனில் டாலஸ் நகரில் நடந்த எக்ஸ்ப்ளோ மாநாட்டில் இந்தப் புதுப் பாட்டுகள் பெருந்திரளின் முன் ஒலித்தன. ராக் இசை சாத்தானின் இசை என்று பிரசங்கித்த போதகர்களும் அதே காலத்தில் நிறையவே இருந்தார்கள்.

இயக்கமாகத் தொடங்கியதைத் தொழிலாக்கியது டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் இருந்த வேர்ட் ரெக்கார்ட்ஸ். இளைஞர்களுக்காக அது 'மிர்' என்ற தனி முத்திரையைத் தொடங்கியது. இந்தத் தட்டுகள் பெரும்பாலும் சாதாரண இசைக் கடைகளில் விற்கவில்லை. பைபிள், ஞாயிறு பள்ளிப் பாடநூல், வாழ்த்து அட்டை விற்கும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விற்றன. துறையின் குணத்தைத் தீர்மானித்தது இந்த விற்பனை முறைதான் என்பது என் எண்ணம். வாங்க வருகிறவர் பல நேரங்களில் பிள்ளையின் தாய். கடைக்காரர் சபையில் பொறுப்பில் இருப்பவர். ஒரு பாடகரைப் பற்றி ஒவ்வாத செய்தி வந்தால் அவருடைய தட்டு அலமாரியை விட்டு இறங்கிவிடும். தணிக்கைக் குழு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

ஏமி கிரான்ட் 1960 நவம்பர் 25இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் பிறந்து, டென்னசியின் நாஷ்வில்லில் வளர்ந்தார். அப்பா புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கும் மருத்துவர். கொள்ளுத்தாத்தா ஏ. எம். பர்ட்டன் காப்பீட்டு நிறுவனம் நடத்திய செல்வந்தர். குடும்பம் 'சர்ச்சஸ் ஆஃப் கிரைஸ்ட்' சபையைச் சேர்ந்தது. ஆராதனையில் வாத்தியமே கூடாது, குரல் மட்டும்தான் என்பது அந்தச் சபையின் பிடிவாதம். பதின்வயதில் அவர் நாஷ்வில்லின் இசைத் தெருவை ஒட்டியிருந்த பெல்மான்ட் சபைக்குப் போகத் தொடங்கினார். கேரோல் கிங்கின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, அதே தொனியில் தன் நம்பிக்கையைப் பாட வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

பள்ளி மாணவியாக ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை பெருக்குவதும், பழைய நாடாக்களில் பதிந்திருப்பதை அழிப்பதும் அவருடைய பகுதிநேர வேலை. தான் எழுதிய பாட்டுகளைப் பெற்றோருக்குக் கொடுப்பதற்காக அங்கே ஒரு நாடாவில் பதிந்தார். பதிவுக்கு உதவியவர் ப்ரவுன் பேனிஸ்டர். அந்த நாடாவைத் தயாரிப்பாளர் கிறிஸ் கிறிஸ்டியன் தொலைபேசி வழியாக வேர்ட் நிறுவனத்தாருக்குப் போட்டுக் காட்டினார். பதினாறு வயது நிரம்புவதற்குள் ஒப்பந்தம் வந்துவிட்டது. முதல் தொகுப்பு 1977இல் வெளியானது.

1982இல் வந்த 'ஏஜ் டு ஏஜ்' துறையின் கணக்கையே மாற்றியது. தனிப் பாடகர் ஒருவரின் கிறிஸ்தவத் தொகுப்பு தங்கத் தட்டுச் சான்று பெற்றது அதுவே முதல்முறை. பிறகு பிளாட்டினமும் ஆனது. மைக்கேல் கார்டும் ஜான் தாம்சனும் எழுதிய 'எல் ஷடாய்' எபிரேயச் சொற்களோடு அமெரிக்கா முழுக்கத் தேவாலயங்களில் ஒலித்தது. அதே தொகுப்பில் 'சிங் யுவர் ப்ரெய்ஸ் டு த லார்ட்' பாட்டை எழுதியவர் அப்போது யாருக்கும் தெரியாத ரிச் மல்லின்ஸ். மேடையில் கீபோர்டு வாசித்த இளைஞர் மைக்கேல் டபிள்யூ. ஸ்மித். பின்னால் இந்தத் துறையில் பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஏமி கிரான்ட்டின் நிழலில் தொடங்கினார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

துறைக்கு வேறு முகங்களும் இருந்தன. கீத் கிரீன் 1980இல் தன் தொகுப்பை, கேட்பவர் கொடுக்க முடிந்ததைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். சுவிசேஷத்துக்கு விலைச்சீட்டு ஒட்டுவது அவருக்குக் கூசியது. 1982 ஜூலையில் விமான விபத்தில், இரண்டு பிள்ளைகளோடு, 28 வயதில் இறந்தார். மல்லின்ஸ் தன் வருமானத்தைச் சபை மூப்பர்களிடம் ஒப்படைத்து, சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். கடைசி ஆண்டுகளில் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் குழந்தைகளுக்கு இசை கற்பித்தார். 1997இல் சாலை விபத்து அவரை 41 வயதில் கொண்டுபோனது. இருவரும் துறைக்குள் இருந்துகொண்டே துறையைச் சந்தேகித்தவர்கள். இன்னொரு புறம் கறுப்பினப் பாடகர் ஆந்த்ரே க்ரவுச். அவருடைய பாட்டுகள் வெள்ளையர் சபைகளின் பாட்டுப் புத்தகங்களிலும் ஏறின. இருந்தும் கறுப்பினத்தவர் பாடினால் 'காஸ்பல்', வெள்ளையர் பாடினால் 'சமகாலக் கிறிஸ்தவ இசை' என்ற அலமாரிப் பிரிவு பெரிதாக மாறவில்லை.

1985இல் வேர்ட் நிறுவனம் ஏ அண்ட் எம் நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்தது. ஏமி கிரான்ட்டின் 'அன்கார்டட்' தொகுப்பு சாதாரண இசைக் கடைகளுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு பீட்டர் செட்டேராவோடு பாடிய காதல் பாட்டு பில்போர்டில் முதலிடம் பிடித்தது. பக்திப் பாடகி காதல் பாட்டுப் பாடலாமா என்ற முணுமுணுப்பும் அப்போதே தொடங்கிவிட்டது. டி. எம். சௌந்தரராஜன் முருகன் பாட்டும் பாடினார், எம்.ஜி.ஆருக்குக் காதல் பாட்டும் பாடினார். அதில் குற்றம் காணாத நமக்கு இந்தச் சண்டை விளங்கச் சற்று நேரமாகும்.

ஏமி கிரான்ட்டின் சாதனை என்று நான் கருதுவது 1988இல் வந்த 'லீட் மீ ஆன்'. தலைப்புப் பாட்டு, அடிமைகளின் சங்கிலியையும் யூதர்களை ஏற்றிச்சென்ற ரயில் பெட்டிகளையும் நினைவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து விடுதலையைக் கேட்கிறது. பக்திப் பாட்டில் வரலாற்றின் ரத்தம் இப்படி வருவது அரிது. ஜானிஸ் இயனும் கை ஃப்ளெமிங்கும் எழுதிய 'வாட் அபௌட் த லவ்', சட்டம் பேசும் போதகரிடம் அன்பு எங்கே என்று கேட்கிறது. எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது 'ஃபெய்த்லெஸ் ஹார்ட்'. திருமணமான ஒரு பெண், இன்னொருவர்மேல் சாயும் தன் மனத்தோடு வாதாடுகிறாள். எதிரி வெளியே இல்லை. சாத்தான்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் அவள் முயலவில்லை. சாட்சி சொல்லும் பாட்டு என்றால் ஜெயித்த பிறகு சொல்வது என்ற வழக்கத்தை உடைத்து, போராட்டத்தின் நடுவிலிருந்து பாடுகிறார். மெல்லத் தொடங்கி இறுகிக்கொண்டே போகும் அந்த இசையமைப்பில் குரல் எங்கும் அழுது காட்டுவதில்லை. இதே தொகுப்பைத்தான் பிற்பாடு சி.சி.எம். பத்திரிகை கிறிஸ்தவ இசையின் 100 தலைசிறந்த தொகுப்புகளில் முதலிடத்தில் வைத்தது.

1991இல் 'ஹார்ட் இன் மோஷன்'. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றது. 'பேபி பேபி' தன் கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்து எழுதிய பாட்டு. காணொளியிலோ ஓர் இளைஞனோடு கொஞ்சி விளையாடுகிறார். பாட்டு பில்போர்டில் முதலிடம் போனது, சபைகளில் முகம் சுளித்தார்கள். தொகுப்பாக எனக்கு இது பெரிதாகப் படவில்லை. நன்றாகப் பாலிஷ் போட்ட பாப், அவ்வளவே. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: முகம் சுளித்த அதே துறை, 1992இல் தன் டவ் விருது விழாவில் ஆண்டின் கலைஞர் பட்டத்தை அவருக்கே கொடுத்தது. பெருநிறுவனங்கள் உள்ளே வந்துகொண்டிருந்த நேரம் அது. கிறிஸ்தவ இசை நிறுவனமான ஸ்பாரோவை ஈ.எம்.ஐ. அதே ஆண்டு வாங்கியது. விற்பனை பெருகும்போது சந்தையின் மனச்சாட்சி கொஞ்சம் இளகும்.

இளகியது முழுதாக இல்லை. 1994இல் ஆண்டின் கலைஞராகத் தேர்வான மைக்கேல் இங்கிலிஷ், சில நாளிலேயே மணவாழ்வுக்கு வெளியிலான உறவை ஒப்புக்கொண்டு விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1997இல் ஏமி கிரான்ட்டின் 'பிஹைண்ட் த ஐஸ்' வந்தது. கடவுளின் பெயரே அரிதாக ஒலிக்கும், துயரம் தோய்ந்த தொகுப்பு. இது கிறிஸ்தவத் தொகுப்பா என்ற சர்ச்சை எழுந்தது, விருதும் வந்தது. அதையடுத்து டவ் விருதை வழங்கும் காஸ்பல் மியூசிக் அசோசியேஷன், எது காஸ்பல் பாட்டு என்பதற்கு வரிகளை வைத்து ஓர் இலக்கணமே எழுதியது. 1999இல் ஏமி கிரான்ட்டுக்கும் கேரி சாப்மனுக்குமான திருமணம் முறிந்தது. 2000இல் கன்ட்ரி இசைப் பாடகர் வின்ஸ் கில்லை மணந்தார். சில கிறிஸ்தவ வானொலிகள் ஏமியின் பாட்டுகளை நிறுத்தின. பத்தாண்டுக்கு முன் 'ஃபெய்த்லெஸ் ஹார்ட்'டை நேர்மைக்காகப் பாராட்டியவர்களில் பலருக்கு, அந்த நேர்மை வாழ்க்கையிலும் நடந்துவிட்டபோது பொறுக்கவில்லை.

2002இலும் 2005இலும் அவர் பழைய கீதங்களைப் பாடித் தொகுப்புகள் வெளியிட்டார். இதை மனந்திரும்புதலாகக் கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாத்தியமில்லாமல் பாடிய குழந்தைப் பருவத்துச் சபைக்கு அவர் தன் வழியில் போய் வந்தார், அவ்வளவுதான்.

இதற்கிடையில் துறை உருமாறியது. தனிப் பாடகரின் அனுபவப் பாட்டுக்குப் பதில், சபையார் சேர்ந்து பாடும் ஆராதனைப் பாட்டு முன்னுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் ஹில்சாங் போன்ற சபைகளே பாட்டுத் தொழிற்சாலைகளாயின. திரையில் வரிகளைக் காட்டிப் பாட உரிமம் வழங்கும் சி.சி.எல்.ஐ. நிறுவனம் வருமானத்தின் வாய்க்காலானது. பழைய கிறிஸ்தவப் புத்தகக் கடைகளும் போயின: ஃபேமிலி கிறிஸ்டியன் கடைகள் 2017இல் மூடப்பட்டன. லைஃப்வே 2019இல் தன் கடைகளை மூடியது. அலமாரி போனால் காவலும் போய்விடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2018இல் பாடகி லாரன் டேகிள், தன்பாலுறவு பாவமா என்ற கேள்விக்குத் தனக்குத் தெரியாது என்று சொன்னதற்காகக் கண்டனத்துக்கு ஆளானார். கடைக்காரர் இடத்தில் சமூக ஊடகம் உட்கார்ந்திருந்தது.

ஏமி கிரான்ட்டும் தப்பவில்லை. 2020இல் இதய அறுவை சிகிச்சை, 2022இல் சைக்கிள் விபத்து இரண்டையும் கடந்துவந்த அவர், அந்த 2022 இறுதியில் தன் பண்ணையில் நெருங்கிய உறவினரின் தன்பால் திருமணத்தை நடத்தித் தரப்போவதாகச் சொன்னார். சுவிசேஷகர் ஃப்ராங்க்ளின் கிரஹாம் வெளிப்படையாக மறுத்துப் பேசினார். அதே பருவத்தில்தான் கென்னடி மைய விருதும் வந்தது. சமகாலக் கிறிஸ்தவ இசையிலிருந்து அதைப் பெற்ற முதல் கலைஞர் அவரே. உடன் விருது பெற்றவர்களில் யூ2 குழுவும் உண்டு. நாற்பதாம் சங்கீதத்தை 1983இலேயே ராக் பாட்டாக்கிய அந்த அயர்லாந்துக்காரர்களை யாரும் சி.சி.எம். கணக்கில் சேர்த்ததில்லை. அவர்கள் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளுக்காகப் பாடவில்லை, அதனால் அந்தக் கடைகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 'பேபி பேபி'யில் தொடங்க வேண்டாம். 'லீட் மீ ஆன்' தொகுப்பை முழுதாகக் கேளுங்கள், பிறகு 'பிஹைண்ட் த ஐஸ்'. நேரமில்லை என்றால் 'ஃபெய்த்லெஸ் ஹார்ட்' ஒன்றையாவது தவறவிடாதீர்கள்.