காடும் சுட்டுப்பெயரும்: ‘அவன் காட்டை வென்றான்’ புதினத்தில் களமும் சமூகநிலையும்

சித்தூர் மாவட்டத்தில் பிறந்த தெலுங்குப் புதின ஆசிரியர் கேசவ ரெட்டி (1946–2015) 1980களில் எழுதிய ‘அதடு அடவினி ஜயிஞ்சாடு’, ஏ.ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் ‘அவன் காட்டை வென்றான்’ எனத் தமிழுக்கு வந்தது. பன்றி மேய்த்துப் பிழைக்கும் கிழவன் ஒருவன், சினைப்பன்றியொன்று மந்தையோடு திரும்பாமையால் அதனைத் தேடிக் காட்டுக்குள் செல்கிறான். கதை ஏறத்தாழ இவ்வளவே. அவனுக்குப் பெயர்கூட இல்லை.

எமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ (1952) நூலோடு இதனை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஒப்புமை உண்டு; ஆயினும் அது களத்தின் பொருளை மறைத்துவிடுகிறது. சாந்தியாகோவுக்குப் பெயருண்டு, கடல் அவனது தொழிற்களம், அவன் துரத்துவது எவருக்கும் உடைமையாகாத மீன். சித்தூர்க் கிழவன் தேடுவதோ தன் உடைமையை. அவனுக்கு ஈனும் பன்றியே முதல், குட்டிகளே வட்டி. எனவே அவனைக் காட்டுக்குள் செலுத்துவது வேட்டைப் பெருமிதமன்று, இழப்பின் அச்சமே.

பன்றி வளர்ப்போர் குடியிருப்பை ஊர் தன் விளிம்பில் வைத்திருப்பது அறிந்ததே. ஊரின் கண்ணில் அவர்கள் தொழில் இழிதொழில். அதற்குரிய அறிவு அறிவாகவே எண்ணப்படுவதில்லை. காட்டில் அந்தக் கண் இல்லை. தடமறிதலும் ஓசையறிதலும் விலங்கின் மனமறிதலும் அங்கே உயிர்காக்கும் கல்வியாகின்றன. எனினும் ஆசிரியர் காட்டைப் புகலிடமாக்கவில்லை. புதரில் ஈன்ற பன்றி தன்னை வளர்த்தவனையே நெருங்கவிடுவதில்லை; நரிகளும் வருகின்றன. கிழவனின் இயல்பு ஆசிரியர் கூற்றால் அன்றி, இவ்விரு பகைகளுக்கிடையே அவன் நிற்கும் நிலையாலேயே புலப்படுகிறது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சிக்கல் தலைப்பிலேயே தொடங்குகிறது. தெலுங்கில் ஆண்பாற் படர்க்கைச் சுட்டுக்கு வாடு, அதடு, ஆயன, வாரு எனப் படிநிலைகள் உண்டு. இத்தகைய கிழவனை ஊரார் ‘வாடு’ என்றே சுட்டுவர். தலைப்போ ‘அதடு’ என்கிறது: உயர்வுமில்லை, இழிவுமில்லை, சற்றே ஏட்டுவழக்கின் சாயலும் உண்டு. ஊர் மறுத்த ஒரு படியைத் தலைப்பு அவனுக்கு அளிக்கிறது எனலாம். தமிழில் ‘வாடு’, ‘அதடு’ இரண்டும் ‘அவன்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘அவர்’ என்றால் படி மிகுந்துவிடும். மாறாக, தெலுங்கில் அன்றாடச் சொல்லாகிய ‘அடவி’ தமிழில் செய்யுட்சொல். அதனைக் ‘காடு’ என்றாக்கியது மிகப் பொருத்தம். ஆங்கிலத்திலோ படிநிலையே இல்லாமையால், மூலத்தில் ஈட்டப்பட்ட சமநிலை அங்கே இலவசமாய்க் கிடைத்துவிடுகிறது.

இச்சிக்கல் சித்தூர்ப் பகுதிக்குப் புதிதன்று. 1911இல் அமைந்த அம்மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குமுன் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்கு மாறியது. இருமொழியும் புழங்கும் அவ்வெல்லையில், ஒருவரைத் தெலுங்கில் சுட்டும் படியும் தமிழில் சுட்டும் படியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

‘பெரியவர்’ என மாற்றின் கிழவன் ஊர்ப்பெருமகனாகிவிடுவான். ‘பன்றி மேய்ப்பவன்’ எனின் தொழிற்பெயரே மீண்டும் அவன்மேல் ஒட்டும். ‘அவன்’ என்பதை வைத்துக்கொண்டு, தலைப்பு இழந்ததைக் காட்டின் விவரிப்பில் மீட்பதே எஞ்சும் வழி. ஆகவே இப்புதினத்தின் களவருணனையில் ஒரு தொடரைச் சுருக்கும் பதிப்பாசிரியர் சுருக்குவது இயற்கைக் காட்சியை மட்டுமன்று.