விறகுக் கொட்டகைக் கதை போதுமா?

அலுமினியத்தை மலிவாக்கிய அமெரிக்கத் தொழில் வேதியியலாளர் சார்லஸ் மார்ட்டின் ஹாலின் (1863-1914) கதையை நீங்கள் ஏதேனும் ஒரு வடிவில் படித்திருப்பீர்கள். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்க வழி காண்பவர் பெருஞ்செல்வர் ஆவார் என்று ஆசிரியர் ஒருநாள் வகுப்பில் சொன்னாராம். அந்த ஆள் நான்தான் என்று மாணவர் ஹால் மனத்துக்குள் முடிவு செய்தாராம். பின்பு வீட்டு விறகுக் கொட்டகையில் தனியாக முயன்று 22 வயதில் வென்றாராம். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் ஓர் அறிவியலாளரின் பணியை அறிந்துகொள்ள இது போதாது என்பது என் கருத்து. இக்கதை எவற்றை விட்டுவிடுகிறது என்று பார்ப்போம்.

முதலில் விடுபடுவது வேதியியல். புவியின் மேலோட்டில் சுமார் 8 விழுக்காடு அலுமினியம். அப்படியிருந்தும், 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 100 அவுன்ஸ் அலுமினியக் கூம்பு ஒன்றைப் பொருத்தியபோது, அதன் விலை ஏறத்தாழ வெள்ளியின் விலையாக இருந்தது. காரணம், ஆக்சிஜன் இந்த உலோகத்தை எளிதில் விடுவதில்லை. இரும்புத் தாதுவைப் போலக் கரியுடன் சேர்த்துச் சூடாக்கி அலுமினியத்தைப் பிரிக்க முடியவில்லை. அதன் உப்பை நீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன்தான் வெளிவருகிறது. ஆக்சைடை உருக்கி மின்பகுக்கலாம் என்றாலோ, அது உருகுவதற்கு 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பம் வேண்டும்.

ஆகவே ஹால் தேடியது நீர் இல்லாத ஒரு கரைப்பான். பல உப்புகளைச் சோதித்த பின் கிரியோலைட் என்னும் கனிமத்துக்கு வந்தார். அது கிரீன்லாந்திலிருந்து வந்த பொருள். ஏறத்தாழ 1,000 டிகிரியில் உருகும். உருகிய நிலையில் அலுமினிய ஆக்சைடைக் கரைக்கும். அதில் மின்சாரம் செலுத்தியும் முதலில் அலுமினியம் கிடைக்கவில்லை. எதிர்மின்வாயில் சாம்பல் நிறப் படிவு ஒன்றே சேர்ந்தது. களிமண் மூசையிலிருந்த சிலிக்கா கரைந்து தொல்லை தருகிறது என்று ஊகித்த அவர், மூசையின் உட்புறத்தைக் கரியால் மூடினார். 1886 பிப்ரவரி 23 அன்று சிறு அலுமினிய உருண்டைகள் கிடைத்தன.

உங்கள் பாடநூல் படத்தில் 'கரிப்பூச்சு' என்று ஓர் அம்புக்குறி இருக்கும். அதைப் பலரும் மனப்பாடம் செய்கிறோம். அது ஒரு தோல்வியை ஆராய்ந்ததால் வந்த விடை என்பதைக் கதையும் சொல்வதில்லை, படமும் சொல்வதில்லை.

அடுத்து விடுபடுவோர் மனிதர்கள். ஓபர்லின் கல்லூரியில் ஹாலின் ஆசிரியரான பிராங்க் ஜூவெட், ஜெர்மனியின் கோட்டிங்கனில் பயின்றவர். 1827இல் அலுமினியத்தைப் பிரித்த வோலரை நேரில் சந்தித்தவர். வகுப்பில் ஒரு வாக்கியம் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. பொருள்களும் கருவிகளும் தந்தார், ஆலோசனையும் தந்தார்.

ஹாலின் அக்காள் ஜூலியாவும் அதே கல்லூரியில் வேதியியல் படித்தவர். சோதனைகளை அருகிலிருந்து அறிந்தவர். அவர் சம பங்காளி என்பார் சிலர். அவ்வளவுக்குச் சான்று இல்லை என்பார் சிலர். ஒன்று மட்டும் உறுதி. பிரான்சில் பால் எரூல் என்பவர் இதே முறையைத் தனியே கண்டு, 1886 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஹால் விண்ணப்பித்தது ஜூலையில். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. ஹால் தம் அண்ணனுக்கு எழுதிய தேதியிட்ட கடிதங்களும், ஜூலியாவின் சாட்சியமும் அவர் எழுதி வைத்த விவரங்களும் பிப்ரவரி மாதத்தை நிலைநாட்டின. 1889இல் ஹாலுக்குக் காப்புரிமை கிடைத்தது. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்து ஒரே ஆண்டில் மறைந்தவர்கள். இன்று இம்முறைக்கு ஹால்-எரூல் முறை என்றே பெயர்.

மூன்றாவதாக விடுபடுவது இயற்பியல். நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபாரடே விதிப்படி 27 கிராம் அலுமினியம் படிய 3 × 96,500 கூலும் மின்னூட்டம் வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு கோடியே ஏழு இலட்சம் கூலும் ஆகிறது. 1 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால் 124 நாட்கள் காத்திருக்க வேண்டும்! கொட்டகையின் மின்கலங்களால் உருண்டைகளைக் காட்டலாம். உலகுக்குப் பாத்திரம் தர முடியாது. அதற்கு டைனமோ வேண்டும், பெருமுதலும் வேண்டும். பெரிய கலங்களில் மின்னோட்டமே குழம்பை உருகிய நிலையில் வைத்துக்கொள்ளும். வெளியே அடுப்பு தேவையில்லை. 1888இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய நிறுவனம் இவற்றைச் சாதித்தது. 1895இல் அது நயாகரா நீர்மின்சாரத்தைத் தேடிப் போனது. 1890களின் நடுவில் பவுண்டு ஒரு டாலருக்கும் குறைவாக அலுமினியம் கிடைத்தது.

ஹாலின் பெருமையை நான் குறைக்க விரும்பவில்லை. ஒரே சிக்கலை விடாது பற்றி, ஆய்வறையிலிருந்து ஆலை வரை கொண்டு சென்றவர் அவர். 1911இல் பெர்க்கின் பதக்கம் பெற்றார். தம் செல்வத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கல்லூரிக்கே எழுதி வைத்தார். ஆனால் அந்த நிறுவனம் அமெரிக்க அலுமினிய உற்பத்தி முழுவதையும் தன் கையில் வைத்திருந்தது. அதன் சில வணிக ஒப்பந்தங்களை 1912இல் நீதிமன்ற ஆணை தடுக்க நேர்ந்தது. வாழ்க்கை வரலாறு என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். விறகுக் கொட்டகைக் கதை மாணவருக்கு இரண்டு தவறான பாடங்களைச் சொல்கிறது. மேதைக்கு ஆய்வகம் வேண்டாம் என்பது ஒன்று. அப்படி நம்பிவிட்டால், கருவியில்லாத பள்ளியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நான் மேதையில்லை, ஆகவே அறிவியல் எனக்கில்லை என்பது மற்றொன்று. நல்ல மாணவர்கள் பலரை இந்த எண்ணமே ஒதுங்க வைக்கிறது.

உண்மைக் கதை இதைவிட நம்பிக்கை தருகிறது. கருவி தந்த ஆசிரியர், உடன் சிந்தித்த அக்காள், பிழையான முடிவை ஆராய்ந்த பொறுமை, அன்றன்றே எழுதிய குறிப்பு ஆகியவை சேர்ந்தே அலுமினியத்தை மலிவாக்கின. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் நண்பரின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஹாலின் உரிமையைக் காத்தவை தேதியிட்ட தாள்கள் என்பதை அப்போது எண்ணிப் பாருங்கள். எதிர்பாராத சாம்பல் நிறப் படிவு உங்கள் சோதனையில் வந்தால் அழித்துவிடாதீர்கள். தேதியிட்டு எழுதி வையுங்கள். ஏன் வந்தது என்று ஆசிரியரைக் கேளுங்கள்.